பயத்திலிருந்து பாடம் தொடங்கிய கோச்

குத்துச்சண்டை கத்துக்க வரும் பிள்ளைக்கு முதலில் எதைச் சொல்லித்தர வேண்டும்? குத்தத்தான் என்று நினைப்போம். கஸ் டமாட்டோ பயத்தைப் பற்றிப் பேசுவதில் ஆரம்பித்தார்.

மில்பிடாஸில் என் மகள் மூன்று மாதமாக குத்துச்சண்டை வகுப்புக்குப் போகிறாள். கயிறு தாண்டுகிறாள், கண்ணாடி முன்னால் நின்று பழகுகிறாள், பையைக் குத்துகிறாள். ஸ்பாரிங் மட்டும் இன்னும் இல்லை. வெளியே காத்திருக்கும் அப்பா அம்மாக்களுக்குப் பொறுமை போய்விட்டது. ஃபீஸ் கட்டுறோமே, எப்போதான் ரிங்ல ஏத்துவாங்க என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது கஸ்ஸின் கதைதான்.

1908இல் நியூயார்க்கின் பிராங்ஸில், இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் தெருச்சண்டையில் பட்ட அடி ஒரு கண்ணின் பார்வையைக் கெடுத்தது. தான் ரிங்கில் ஏற முடியாமல் போனவர், ஏறுகிறவர்களைத் தயார் செய்யும் வேலைக்கு வந்தார். மன்ஹாட்டன் 14ஆம் தெருவில் கிராமர்சி ஜிம் நடத்தினார். ராத்திரி படுக்கையும் அங்கேயே.

புதுப் பையனிடம் கஸ் ஒளிவுமறைவில்லாமல் பேசுவார். ரிங்கில் ஏறும்போது நெஞ்சு படபடக்கும், முந்தின ராத்திரி தூக்கம் வராது, எதிரே நிற்பவனுக்கும் இதே கதிதான் என்பார். ஆபத்தை உணர்ந்த மான் பாய்ந்து தப்பிப்பதைச் சொல்லி, அந்தப் பாய்ச்சலுக்குப் பலம் கொடுப்பதே பயம்தான் என்று புரியவைப்பார். வீரனுக்கும் கோழைக்கும் உள்ளே இருக்கும் பயம் ஒன்றே, அப்புறம் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம் என்பது அவர் கட்சி.

பேச்சோடு விடவில்லை. இரண்டு கைகளும் கன்னத்தை ஒட்டி, முழங்கை உடம்போடு சேர்ந்து, தலை நிற்காமல் அசைய வேண்டும். கயிற்றில் ஆடும் சின்னப் பையை, தலையை மட்டும் நகர்த்தி விலக்கப் பழக்குவார். அடி வாங்காமல் இருக்கத் தெரிந்த பையனுக்குப் பயம் தானாக அளவுக்குள் வரும்.

கூச்சமும் பயமும் நிறைந்த ஃபிளாய்ட் பேட்டர்சன் அப்படி வளர்ந்தவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தங்கம், 1956இல் 21 வயதில் ஹெவிவெயிட் உலக சாம்பியன். 1959இல் பட்டத்தை இழந்து, அடுத்த வருடமே மீட்டார். ஹெவிவெயிட்டில் அதுவரை யாரும் செய்யாத காரியம்.

1980இல், நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் ஊரில், போலீஸ் ஸ்டேஷனுக்கு மேல்மாடியில் இருந்த கஸ்ஸின் ஜிம்முக்கு, சீர்திருத்தப் பள்ளியிலிருந்து 13 வயதுப் பையன் ஒருவனை அழைத்து வந்தார்கள். அவன் மைக் டைசன். தாய் இறந்த பிறகு அவனுக்குக் காப்பாளரும் கஸ்தான்.

கதையின் கசப்பான பக்கத்தையும் சொல்லணும். டைசனைக் கண்டிப்பதில் கஸ் விட்டுக்கொடுத்தார் என்று மோதி, அங்கே பயிற்சி கொடுத்த டெடி அட்லஸ் 1982இல் விலகினார். 1985 நவம்பரில் கஸ் இறந்தார். அடுத்த நவம்பரில் 20 வயது டைசன் உலக சாம்பியன். 1992இல் பாலியல் வன்கொடுமை வழக்கில் சிறை. ரிங்கின் பயத்தைப் பழக்கினால் வாழ்க்கைப் பாடமும் முடிந்தது என்று ஆகாது.

ஆனாலும் அந்த முதல் பாடம் நம் வீடுகளுக்கு அவசியம் தேவை. பிள்ளை பயமா இருக்கு என்றதும், பயப்படாதே, உன்னால முடியும் என்று வாயை அடைத்துவிடுகிறோம். ஸ்பெல்லிங் பீ மேடையானாலும், அரங்கேற்றமானாலும், காலேஜ் இன்டர்வியூ ஆனாலும் இதேதான். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதவனை வள்ளுவர்கூட அறிவில்லாதவன் கணக்கில்தான் வைத்தார்.

தலைக்கவசம், மவுத்கார்டு, பெரிய கையுறை எல்லாம் கடையில் கிடைக்கும். எனக்குப் பயமா இருக்கு என்று கோச்சிடம் வெட்கமில்லாமல் சொல்லும் தைரியம் வீட்டிலிருந்துதான் போகணும். அது வரும்வரை ஸ்பாரிங் காத்திருக்கட்டும்.