மாங்கொட்டை வண்டும் டாக்டர் பாபாவும்

சென்னை ஊரூர் ஒல்காட் குப்பத்தில் ஒரு வீடு. கோடைக்காலம். பாட்டி மாம்பழம் அறுக்கிறாள். பழத்தின் மேல் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் கொட்டைக்குள்ளிருந்து கருவண்டு ஒன்று ஓடி வருகிறது! குழந்தைகள் கைதட்டிச் சிரிக்கிறார்கள்.

அமெரிக்கா சிரிக்கவில்லை. இந்த வண்டு தன் நாட்டில் குடியேறிவிடும் என்று அஞ்சியது. சுமார் 18 ஆண்டுகள் நம் மாம்பழம் அங்கே போக முடியவில்லை. அடைத்த கதவைத் திறந்தது எது தெரியுமா? அணு!

அணு ஆராய்ச்சிக்கு நம் நாட்டில் அடிகோலியவர் டாக்டர் ஹோமி பாபா.

பம்பாயில், 1909 அக்டோபர் 30-ந் தேதி, பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். மகன் என்ஜினீயர் ஆகவேண்டும் என்பது வீட்டார் ஆசை. கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார்கள். பையன் முதல் வகுப்பில் தேறினான். ஆனால் மனம் பௌதிகத்தில் இருந்தது. அதையே படித்தார்.

1939-ல் விடுமுறைக்கு ஊர் வந்தார். போர் மூண்டது. இங்கேயே தங்கினார். நம் திருச்சிக்காரர் சர் சி. வி. ராமன் இருந்த பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்தார். 1948-ல் அணுசக்திக் கமிஷன் தலைவரானார். 1956-ல் டிராம்பேயில் 'அப்சரா' அணு உலை இயங்கியது.

அணு என்றாலே குண்டு என்று உலகம் நடுங்கிய காலம் அது. பாபாவோ ஆக்க வேலைக்கும் அணு உதவும் என்றார். படம் வரைவார். மணம் செய்துகொள்ளவில்லை. கட்டடத்துக்கு இடைஞ்சலாக மரம் நின்றால் வெட்ட விடமாட்டார். வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடச் செய்வார்.

1966 ஜனவரி 24-ந் தேதி அவர் சென்ற விமானம் ஆல்ப்ஸ் மலையில் மோதியது. வயது 56. மறு ஆண்டு டிராம்பே நிலையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

உணவுப் பொருளுக்குக் கதிர் காட்டும் ஆராய்ச்சி அங்கே வளர்ந்தது. பழத்தின் மேல் மருந்து தெளித்தால் கொட்டைக்குள் எட்டாது. கதிர் எட்டும். கோபால்ட் என்ற உலோகத்தை அணு உலையில் வைத்து எடுத்தால் அது கதிர் வீசும். பழங்களைப் பெட்டியோடு அதன் முன்னே நகர்த்துகிறார்கள். அவ்வளவுதான்! வண்டு உடனே சாகாவிட்டாலும் அதன் இனம் பெருகாது. பழத்தில் கதிர் தங்கிவிடுமா? தங்காது. வெயிலில் உலர்த்திய துணியில் வெயிலா தங்குகிறது?

நாசிக் பக்கம் லாசல்காவ் என்ற ஊரில் வெங்காயத்துக்காகக் கட்டிய நிலையத்தில் இப்படிக் கதிர் காட்டிய மாம்பழங்கள் 2007 ஏப்ரலில் நியூயார்க்கில் இறங்கின. பாபா மறைந்து 41 ஆண்டுகள் ஆகியிருந்தன.

உள்ளூர்ச் சந்தைப் பழத்துக்கு வழக்கமாக இந்தக் கதிர் காட்டுவதில்லை. ஆகவே பாட்டி அறுக்கும் பழத்தில் வண்டு இன்னும் ஓடுகிறது.