காலின் சாப்மன்: எடையைக் குறைத்தே கார்களைப் பறக்க வைத்தவர் கடைசியில் கணினியை நாடியது ஏன்?

இன்றைய கார்களில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அது நேராக இன்ஜினுக்குப் போய்ச் சேர்வதில்லை. எவ்வளவு மிதித்தோம் என்பதை பெடலில் உள்ள சென்சார் கணினிக்குச் சொல்லும். இன்ஜினுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை கணினிதான் முடிவு பண்ணும். சக்கரம் வழுக்கினால் டிராக்‌ஷன் கன்ட்ரோல் சக்தியைக் குறைக்கும். கார் தடம் மாறினால் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் எந்தச் சக்கரத்துக்குத் தேவையோ அதற்கு மட்டும் பிரேக் போடும்.

இதனால் உயிர்கள் தப்புகின்றன. ஆனால், காலுக்கும் காருக்கும் நடுவில் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது என்பது ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்களின் நீண்டநாள் குறை. அவர்கள் தேடும் அந்த நேரடி உணர்வை, கோடீஸ்வரர் அல்லாதவர்களும் வாங்கும் விலைக்குக் கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர் லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன். அதே சாப்மன் தன் கடைசிக் காலத்தில் கணினியைக் காருக்குள் ஏற்றப் பாடுபட்டார் என்பதுதான் ஆச்சரியம்.

யார் இந்த சாப்மன்?

1928 மே 19 அன்று லண்டனை ஒட்டிய ரிச்மண்டில் பிறந்தவர் சாப்மன். அப்பா பப் நடத்தியவர். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் கட்டமைப்புப் பொறியியல் படித்த சாப்மன், படிக்கும்போதே விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். எந்தப் பாகம் எவ்வளவு பளு தாங்கும், எங்கே உலோகம் வீணாக இருக்கிறது என்று பார்க்கும் கண் அவருக்கு வாய்த்திருந்தது.

1948-ல் ஒரு பழைய ஆஸ்டின் 7 காரைப் பிரித்து, தன் முதல் காரை உருவாக்கினார். வேலை நடந்த இடம், காதலி ஹேசல் வில்லியம்ஸின் பெற்றோர் வீட்டு கராஜ். 1952-ல் லோட்டஸ் இன்ஜினியரிங் தொடங்க 25 பவுண்டு கடன் கொடுத்ததும் ஹேசல்தான். 1954-ல் இருவருக்கும் கல்யாணம் ஆனது.

வரியைத் தாண்டிய கிட் கார்

அப்போது பிரிட்டனில் புது கார் வாங்கினால் கொள்முதல் வரி பெரிய சுமை. ஆனால் காரை உதிரி பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் அந்த வரி கிடையாது. சாப்மன் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். 1957-ல் வந்த லோட்டஸ் செவன், முழு காராக வாங்கினால் வரியோடு ஆயிரம் பவுண்டைத் தாண்டும். கிட்டாக வாங்கினால் 600 பவுண்டுக்குள் முடிந்துவிடும்.

அதில் கதவு இல்லை, சொகுசு இல்லை. இரும்புக் குழாய்ச் சட்டம், அலுமினியத் தகடு, சின்ன இன்ஜின், இரண்டு சீட். அவ்வளவுதான்!

எடை குறைந்தால் என்ன ஆகும்?

மற்றவர்கள் வேகத்துக்காகப் பெரிய இன்ஜினைத் தேடினார்கள். சாப்மன் காரை மெலிய வைத்தார். சக்தியைக் கூட்டினால் நேர் சாலையில்தான் வேகம் கூடும். எடையைக் குறைத்தால் வளைவிலும் வேகம் கூடும், பிரேக்கும் சட்டென்று பிடிக்கும் என்பது அவர் கணக்கு.

ஓட்டுநருக்கு இதில் இன்னொரு லாபம் உண்டு. லேசான காரில் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினாலே கார் துள்ளும். வளைவில் காலைக் கொஞ்சம் எடுத்தால் முன்பக்கம் உள்ளே திரும்புவது உடம்புக்கே தெரியும். அன்று பெடலுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் இருந்தது வெறும் கேபிளோ கம்பியோதான்.

1962-ல் வந்த லோட்டஸ் எலான் இதற்குச் சிறந்த உதாரணம். எடை 700 கிலோவுக்கும் குறைவு. 1.6 லிட்டருக்கும் சற்றே குறைவான இன்ஜினை வைத்துக்கொண்டே பெரிய கார்களுக்குத் தண்ணி காட்டியது.

உயிர் கேட்ட சில கிலோக்கள்

பந்தயத்திலும் இதே கணக்குதான். ஃபார்முலா 1-ல் சாப்மன் உயிரோடு இருந்தபோதே லோட்டஸ் 7 முறை கட்டுமான நிறுவனங்களுக்கான பட்டத்தை வென்றது. அவரது நெருங்கிய நண்பர் ஜிம் கிளார்க் 1963, 1965-ல் உலக சாம்பியன் ஆனார்.

ஆனால் லேசான பாகங்கள் உடையும் என்ற பேச்சு கூடவே வந்தது. 1969 ஸ்பெயின் பந்தயத்தில் கிரஹாம் ஹில், யோகன் ரிண்ட் இருவரின் லோட்டஸ் கார்களிலும் இறக்கை உடைந்து விபத்து நடந்தது. காயத்தோடு தப்பிய ரிண்ட், சாப்மனுக்குக் கடிதம் எழுதினார். கார் ஏற்கெனவே போதுமான வேகத்தில் போகிறது, பலவீனமான பாகங்களை உறுதியாக்க சில கிலோ கூடினால் பரவாயில்லை என்பதுதான் அதன் சாரம்.

1970 செப்டம்பர் 5 அன்று இத்தாலியின் மோன்ஸாவில் ரிண்ட் இறந்தார். காரின் முன் பிரேக் தண்டு உடைந்ததே விபத்தின் தொடக்கம் என்றும், சரியாகப் பொருத்தப்படாத தடுப்பு வேலியே உயிரிழப்புக்குக் காரணம் என்றும் விசாரணையில் முடிவானது. அந்த ஆண்டு உலக சாம்பியன் பட்டம் ரிண்டுக்குத்தான் போனது. வாங்க அவர் இல்லை.

கணினி பக்கம் திரும்பியது ஏன்?

1970-களின் இறுதியில், காருக்கு அடியில் ஓடும் காற்றை வைத்தே காரைத் தரையோடு ஒட்டவைக்கும் நுட்பத்தில் லோட்டஸ் கலக்கியது. 1978-ல் மரியோ ஆண்ட்ரெட்டி சாம்பியன் ஆனார். ஆனால் அதற்கு சஸ்பென்ஷன் கல் மாதிரி இறுக்கமாக இருக்க வேண்டியிருந்தது. ஓட்டுநர்கள் குலுங்கிப் போனார்கள்.

இதற்கு சாப்மன் அணி கண்ட வழிதான் ஆக்டிவ் சஸ்பென்ஷன். சென்சார்கள் காரின் அசைவைக் கவனிக்கும், கணினி கணக்குப் போடும், ஹைட்ராலிக் அமைப்பு ஒவ்வொரு சக்கரத்தையும் ஏற்றி இறக்கும். இந்த அமைப்பு காரின் எடையைக் கூட்டியது. ஆனாலும் சாப்மன் பின்வாங்கவில்லை. பிரச்சினையைத் தீர்க்குமானால் எடையும் ஏறலாம் என்ற இடத்துக்கு அவரே வந்திருந்தார்.

1982 டிசம்பர் 16 அன்று ஸ்நெட்டர்டன் ஓடுதளத்தில் அந்த ஃபார்முலா 1 கார் முதன்முறையாகச் சோதிக்கப்பட்டது. அதே நாளில் மாரடைப்பால் சாப்மன் இறந்தார். வயது 54.

மரணத்துக்குப் பின் வந்த கறை

அந்தச் சமயத்தில் இன்னொரு புயலும் கிளம்பியிருந்தது. வடக்கு அயர்லாந்தில் பிரிட்டன் அரசுப் பணத்தில் நடந்த டெலோரியன் கார் நிறுவனம் 1982-ல் நொடித்தது. அந்த காரின் பொறியியல் பணியைச் செய்தது லோட்டஸ். அதற்கான பணத்தில் பல லட்சம் பவுண்டுகள் மடைமாற்றப்பட்டது பிறகு தெரிந்தது. 1992-ல் லோட்டஸின் நிதிப் பொறுப்பாளர் ஃப்ரெட் புஷெலுக்கு 3 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. சாப்மன் உயிரோடு இருந்திருந்தால் குறைந்தது 10 ஆண்டு கிடைத்திருக்கும் என்றார் நீதிபதி.

இன்று மிச்சம் இருப்பது என்ன?

1987-ல் அயர்ட்டன் சென்னா, ஆக்டிவ் சஸ்பென்ஷன் பொருத்திய லோட்டஸில் மொனாக்கோ, டெட்ராய்ட் பந்தயங்களை வென்றார். இந்த நுட்பத்துக்குக் கிடைத்த முதல் வெற்றிகள் அவை. 1994-ல் ஆக்டிவ் சஸ்பென்ஷன், டிராக்‌ஷன் கன்ட்ரோல் போன்ற ஓட்டுநர் உதவிகளை ஃபார்முலா 1 தடை செய்தது.

சாலையில் நடந்தது நேர் எதிர். அமெரிக்காவில் 2012 மாடல் முதலும், ஐரோப்பாவில் 2014 முதலும் புது கார்களுக்கு ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் கட்டாயம் ஆனது.

எலானை ஆராய்ந்து மாஸ்டா நிறுவனம் 1989-ல் கொண்டு வந்த எம்எக்ஸ்-5, இதுவரை 10 லட்சத்துக்கும் மேல் விற்றிருக்கிறது. இன்றைய எம்எக்ஸ்-5-ல் கேபிள் கிடையாது, எலக்ட்ரானிக் த்ராட்டில்தான். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் உண்டு. அப்படியிருந்தும் அதை ஓட்டுபவர்கள் நேரடி உணர்வு இருக்கிறது என்கிறார்கள். முக்கியக் காரணம், அதன் எடை இன்னும் ஒரு டன்னை ஒட்டியே இருக்கிறது. கணினி வந்த பிறகும் சாப்மனின் பழைய கணக்கு மாறவில்லை.