கேபபிளாங்காவையே வீழ்த்திய பஞ்சாப்காரர்... யார் இந்த சுல்தான் கான்?

1930-ம் ஆண்டின் இறுதி. இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில் செஸ் தொடர் நடக்கிறது. கறுப்புக் காய்களுடன் உட்கார்ந்திருப்பவர் கியூபாவின் கேபபிளாங்கா. 1921 முதல் 1927 வரை உலக சாம்பியன். ஒரு கட்டத்தில் 8 ஆண்டுகள் ஒரு ஆட்டத்தில்கூட தோற்காதவர். எதிரே, தலைப்பாகையுடன் மீர் சுல்தான் கான். ஐரோப்பிய விதிகளில் அவர் செஸ் ஆடத் தொடங்கி ஒருசில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

இன்று பாகிஸ்தானில் இருக்கும் சர்கோதா பகுதியின் மிட்டா டிவானா கிராமத்தில் பிறந்தவர் சுல்தான் கான். அப்பாவிடம் கற்றது நாட்டுச் சதுரங்கம். அதில் சிப்பாய் முதல் நகர்விலேயே இரண்டு கட்டம் போக முடியாது, கேஸ்லிங்கும் கிடையாது. பகுதியின் பெரும் நிலக்கிழாரான சர் உமர் ஹயாத் கான் அவரைத் தன் வீட்டில் வைத்து ஐரோப்பிய விதிகளைக் கற்க வைத்தார். 1928-ல் அகில இந்திய சாம்பியன். 1929-ல் உமர் ஹயாத்துடன் லண்டன் பயணம். போன சில மாதங்களிலேயே பிரிட்டிஷ் சாம்பியன்!

சரி, அந்த ஹேஸ்டிங்ஸ் ஆட்டத்தில் அப்படி என்னதான் நடந்தது?

21-வது நகர்வில் கேபபிளாங்கா தன் யானையை உள்ளே இறக்கி 'செக்' வைத்தார். அடுத்த நகர்வில் இன்னொரு யானையாலும் செக். சுல்தான் கான் தன் ராணியைக் கொடுத்துத்தான் தப்ப முடிந்தது. பதிலுக்கு இரண்டு யானைகள் கிடைத்தன. புள்ளிக் கணக்கில் ராணிக்கு 9, இரண்டு யானைகளுக்கு 10. ஆனால் ராஜா வெட்டவெளியில் நின்றால் ராணி இருப்பவர் கைதான் ஓங்கும். சுல்தான் கானோ கடைசி வரை கேஸ்லிங்கே செய்யவில்லை. நாட்டுச் சதுரங்கப் பழக்கமோ என்னவோ!

ஆனால் சிப்பாய்கள் ஒன்றையொன்று அடைத்து நின்றதால் கறுப்பு ராணிக்கு உள்ளே நுழைய வழியில்லை. பலகை ஓரத்தில் இரண்டு கட்டங்களுக்கு இடையே திரும்பத் திரும்பப் போய் வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் சுல்தான் கான் தன் ராஜாவை மெல்ல நடத்தி மறுபக்கம் கொண்டுபோனார். அவசரமே இல்லை. பிறகு ஒரு யானை எதிரியின் எல்லைக்குள் புகுந்து சிப்பாயைப் பறித்தது. 65-வது நகர்வோடு ஆட்டம் முடிந்தது. கேபபிளாங்கா தோல்வி. அதிரடித் தாக்குதல் எதுவும் இல்லாமல், கேபபிளாங்காவின் பலமான பொறுமையாலேயே அவரை ஜெயித்ததுதான் இந்த ஆட்டத்தின் அழகு.

அந்தத் தொடரில் சுல்தான் கானுக்கு 3-வது இடம். 1931 பிராக் ஒலிம்பியாடில் ரூபின்ஸ்டைனையும் ஃப்ளோரையும் வென்றார். 1932, 1933-ல் மீண்டும் பிரிட்டிஷ் சாம்பியன். 1933-ல் பெண்கள் பட்டத்தை வென்ற ஃபாத்திமாவும் உமர் ஹயாத் வீட்டைச் சேர்ந்தவர்தான்.

இதெல்லாம் பலகையில். வெளியே கதை வேறு. உமர் ஹயாத் வீட்டு விருந்துக்குப் போன தங்களுக்கு சுல்தான் கானே உணவு பரிமாறியதாக அமெரிக்க வீரர் ரூபன் ஃபைன் பின்னாளில் எழுதினார். எழுதப் படிக்கத் தெரியாத வேலைக்காரர் என்று ஐரோப்பாவில் பரவிய சித்திரத்தை அவரது குடும்பத்தினர் மறுக்கிறார்கள். ஒன்று மட்டும் உறுதி: எங்கே, எப்போது ஆடுவது என்பது அவர் கையில் இல்லை. 1933 இறுதியில் உமர் ஹயாத் ஊர் திரும்பியபோது அவரும் திரும்பினார். சர்வதேச ஆட்டம் அத்தோடு சரி. வெறும் 5 ஆண்டுகள்!

1950-ல் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே முதன்முதலாக கிராண்ட்மாஸ்டர் பட்டங்களை அறிவித்தது. சுல்தான் கானிடம் தோற்ற ரூபின்ஸ்டைன், டார்டகோவர், ஃப்ளோர் மூவருக்கும் கிடைத்தது. அப்போது உயிரோடு இருந்த சுல்தான் கானுக்கு இல்லை. 1966-ல் அவர் சர்கோதாவில் இறந்தார். கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை ஃபிடே வழங்கியது 2024-ல்.