கடற்கொள்ளையை அடக்கிய செங் ஹே

கடல் கடந்து வாணிகஞ் செய்வோர்க்குப் புயல் மாத்திரமே பகையன்று. சரக்கேற்றிய கலங்களை வழிமறித்துப் பறிக்குங் கொள்ளைக்காரர் அதனினுங் கொடியர். தனித்துச் செல்லும் வணிகர் அவரை எதிர்த்து நிற்றல் அரிது. அவர்க்கு உற்ற துணை யாதென்பதைக் காட்டுதற்பொருட்டு, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1371ஆம் ஆண்டில் யுன்னான் நாட்டில் ஒரு முஸ்லிம் குடும்பத்திற் பிறந்தார். பாலியத்திலே மிங் அரசரின் படையினராற் சிறைபிடிக்கப்பட்டு, ஆண்மை நீக்கப்பெற்று, அரசிளங்குமரர் ஒருவரின் ஊழியத்தில் அமர்ந்தார். அக்குமரர் 1402இல் யுங்லோ சக்கரவர்த்தியாகவே, இவரும் உயர்பதவி யெய்தினார். 1405இல் சுமார் 27,800 பேரடங்கிய கப்பற்படையுடன் புறப்பட்டுக் கோழிக்கோடு வரை வந்து மீண்டார்.

அந்நாளிற் சுமாத்திராவிலுள்ள பாலெம்பாங்கில் சென் சூயி என்பான் ஒரு பெருங் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு வணிகர் கலங்களைக் கொள்ளையிட்டு வந்தான். 1407இல் தாயகந் திரும்பிய செங் ஹே, அவனைப் பணியுமாறு ஏவினார். அவனோ பணிவான்போல் நடித்து, திடீரெனத் தாக்கக் கருதினான். அவ்வூரில் வாழ்ந்த ஷி சின்சிங் என்னுஞ் சீனர் இவ்வஞ்சகத்தை முன்னரே தெரிவித்தார். போரிற் கொள்ளையர் 5,000 பேருக்குமேல் மாண்டனர், 10 கலங்கள் எரிந்தன, 7 பிடிபட்டன. சென் சூயி நான்கிங் நகருக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொலைத்தண்டனை பெற்றான்.

அன்பர்களே! இவ்வெற்றி படைவலியால் மாத்திரம் வந்ததன்று. ஷி சின்சிங் அஞ்சி வாய்மூடி யிருந்தால் அப்பெரும்படையும் இடருற்றிருக்கும். கடற்கொள்ளை தழைப்பது கரையிலுள்ளோரின் மௌனத்தாலேயே என்பது நம் கருத்து.

செங் ஹேயின் வலிமை என்றும் காவலாகவே நின்றதென்றுஞ் சொல்லோம். இலங்கையிற் போர் புரிந்து, அந்நாட்டுத் தலைவரையே 1411இற் சிறையாகக் கொண்டுசென்றார். எனினும், அத்தீவின் தெய்வங்கட்கு அளித்த காணிக்கையை 1409ஆம் ஆண்டிட்ட கல்லொன்றிற் சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மும்மொழியிலும் பொறிப்பித்தவர் அவரே. காலியில் 1911இற் கண்டெடுத்த அக்கல், அக்கடல்வழியில் நம் மொழி பெற்றிருந்த மதிப்பிற்குச் சான்றாகும்.

ஏழாம் யாத்திரை 1433இல் முடிவுற்றது. செங் ஹேயும் அக்காலத்தை யொட்டிக் காலஞ்சென்றார். சீன அரசர் அத்தகைய படையைப் பின்னர் அனுப்பவில்லை. பதினாறாம் நூற்றாண்டிற் சீனக் கரையே கொள்ளையராற் பெரிதுந் துன்புற்றது. அரசரின் காவல் அவர் மனம்போல் வரும், போம். அபாயத்தை அறிந்தவர் அறியாதவர்க்கு உரைக்கும் ஒற்றுமையோ, வணிகர் தம் கையிலேயே உள்ள காவலாகும். அதனை நாம் கைவிடாதிருப்போமாக.