பயாஸ் தந்த கேரி கில்டால்

மேலூரிலோ உசிலம்பட்டியிலோ ஒரு வீட்டில் பையன் லேப்டாப்பைத் திறக்கிறான். பொத்தானை அழுத்துகிறான். கம்பெனியின் பெயர் திரையில் தோன்றுகிறது. சில விநாடிகள் கழித்துத்தான் படமும் எழுத்தும் வருகின்றன.

அந்தச் சில விநாடிகளுக்குள் ஒரு சின்ன புரோகிராம் விழித்துக் கொள்கிறது. மெமரி சரியாக இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா, டிஸ்க் எங்கே என்று பார்க்கிறது. எல்லாவற்றையும் எழுப்பி விட்டு, விண்டோசிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. அந்தப் புரோகிராமின் பெயர் பயாஸ்.

2011-ம் ஆண்டு முதல் தமிழக அரசு மாணவ, மாணவிகளுக்கு விலையில்லா லேப்டாப் வழங்கியது. மதுரைச் சீமையில் எத்தனையோ வீடுகளுக்குள் கம்ப்யூட்டர் முதன் முதலாக நுழைந்தது அப்படித்தான். அந்த வீடுகளில் பில் கேட்ஸ் பெயர் தெரியும். பயாசுக்குப் பெயர் வைத்தவரின் பெயர் தெரியாது.

அவர் கேரி கில்டால். அமெரிக்கர்.

கப்பல் பள்ளிக்கூடம்

கேரி கில்டால் 1942-ம் ஆண்டு மே மாதம் 19-ந் தேதி பிறந்தார். ஊர் சியாட்டில். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள துறைமுகப் பட்டணம்.

அவருடைய குடும்பம் ஒரு பள்ளிக்கூடம் நடத்தி வந்தது. சாதாரணப் பள்ளிக்கூடம் அல்ல. கப்பல் ஓட்டுகிறவர்களுக்கு, நடுக்கடலில் தங்கள் கப்பல் எங்கே நிற்கிறது என்று கணக்குப் போடக் கற்றுக் கொடுக்கும் பள்ளிக்கூடம். இந்தக் கணக்கை ஒரு கைப்பிடியைச் சுற்றினால் தானே போட்டுத் தரும் எந்திரம் வேண்டும் என்று கேரியின் தந்தைக்கு நெடுநாள் ஆசை.

சிறு வயதில் கேரி படிப்பில் சூரர் அல்ல. கார், கருவி என்று எதையாவது பிரித்து மாட்டுவதில்தான் அவருக்கு மனம். பிறகு குடும்பப் பள்ளியிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். கணக்கு வாத்தியாராக வேண்டும் என்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே கம்ப்யூட்டரைக் கண்டார். கணக்கு பின்னால் போய்விட்டது.

டாரதி என்ற பெண்ணைக் காதலித்துக் கல்யாணம் செய்து கொண்டார். பள்ளி நாளிலேயே பழக்கமானவர். இந்த டாரதி பின்னால் கதையில் முக்கியமாக வருவார்.

அது வியட்நாம் சண்டை நடந்த காலம். கேரி கடற்படைக்குப் போக வேண்டி வந்தது. போர்க்கப்பலா, வாத்தியார் வேலையா என்ற நிலையில், வாத்தியார் வேலையைத் தேர்ந்தெடுத்தார். கலிபோர்னியா மாநிலத்தில் மாண்டரே என்ற கடற்கரை ஊரில் உள்ள கடற்படைக் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தினார். 1972-ல் டாக்டர் பட்டமும் பெற்றார்.

25 டாலர் சில்லு

அக்காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் ஓர் அறையை அடைத்துக் கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் இன்டெல் கம்பெனி 4004 என்று ஒரு சில்லைக் கொண்டு வந்தது. அதன் விலை 25 டாலர் என்று கண்டதும் கேரிக்குத் தந்தையின் ஆசை நினைவுக்கு வந்தது. கப்பல் கணக்குக்கு வேண்டிய புரோகிராம்களை அந்தச் சில்லுக்காக எழுதத் தொடங்கினார்.

கைப்பிடி எந்திரம் வரவில்லை. ஆனால் இன்டெல்லுக்கு ஆலோசகர் ஆனார். சில்லுகளுக்குப் புரோகிராம் எழுத உதவும் ஒரு மொழியையும் அவர்களுக்காகச் செய்து கொடுத்தார்.

பிறகு பிளாப்பி டிஸ்க் வந்தது. காகித நாடாவில் ஓட்டை போட்டுச் செய்தி சேர்த்த காலத்தில் பிளாப்பி பெரிய வரப்பிரசாதம். கேரி ஒரு பிளாப்பி டிரைவை வாங்கி வந்து வைத்துக் கொண்டார். அதைச் சில்லுடன் இணைக்க அவரால் முடியவில்லை. மாதக்கணக்கில் அது சும்மா கிடந்தது. கடைசியில் ஜான் டோரோடு என்ற நண்பர் இணைப்புக் கருவியைச் செய்து கொடுத்தார்.

1974-ம் ஆண்டு, மாண்டரேக்குப் பக்கத்தில் உள்ள பசிபிக் குரோவ் ஊரில், கேரி வீட்டுப் பின்புறக் கொட்டகையில் அது ஓடியது. பிளாப்பியில் என்ன கோப்பு எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் தானே தேடிச் சொன்னது. அதற்கு அவர் வைத்த பெயர் சி.பி.எம். இன்டெல்லிடம் காட்டினார். அவர்கள் வேண்டாம் என்றார்கள்.

கேரியும் டாரதியும் சேர்ந்து சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். சி.பி.எம்.மை 70 டாலருக்கு விற்றார்கள்.

கண்மாயும் நீர்பாய்ச்சியும்

இங்கேதான் பயாஸ் பிறந்தது.

அப்போது கம்ப்யூட்டர் செய்யும் கம்பெனிகள் நாளுக்கு ஒன்றாக முளைத்தன. ஒருவர் டிரைவ் போல மற்றவர் டிரைவ் இல்லை. ஒவ்வொரு கம்பெனிக்கும் கேரி தம் புரோகிராமைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. அலுத்துப் போனார்.

மதுரைப் பக்கத்துக் கண்மாய்களை நினைத்தால் அவர் செய்த காரியம் விளங்கும். தண்ணீர் எல்லாம் ஒன்றுதான். ஆனால் கண்மாய்க்குக் கண்மாய் மடை வேறு. எந்த மடையை எவ்வளவு திறந்தால் எந்த வயலுக்குப் பாயும் என்று அந்த ஊர் நீர்பாய்ச்சிக்குத்தான் தெரியும். ஊருக்கு ஊர் நீர்பாய்ச்சி இருந்தால் போதும். தண்ணீரை மாற்ற வேண்டியதில்லை.

கேரி அப்படியே செய்தார். எந்திரத்துக்கு எந்திரம் மாறும் வேலையை மட்டும் ஒரு சின்னத் துண்டாகத் தனியே பிரித்தார். உள்ளே வாங்குவது, வெளியே கொடுப்பது என்ற அடிப்படை வேலை அந்தத் துண்டுக்கு. அதனால் அந்தப் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து பயாஸ் என்று பெயர் வைத்தார். மற்றவை எல்லாம் ஓர் எழுத்துகூட மாறாமல் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடின.

ஒரு கட்டத்தில் சுமார் 3,000 வகைக் கம்ப்யூட்டர்களில் சி.பி.எம். ஓடியது. லேப்டாப்பில் சி டிரைவ் என்று இன்றும் சொல்கிறோமே, டிஸ்குக்கு எழுத்தால் பெயர் சொல்லும் அந்த வழக்கம் சி.பி.எம். வழியாக வந்ததுதான்.

ஐ.பி.எம். வந்த நாள்

1980-ல் ஐ.பி.எம். கம்பெனி சிறிய கம்ப்யூட்டர் செய்ய முடிவு செய்தது. அதற்கு ஆதாரப் புரோகிராம் தேடி பில் கேட்சிடம் போனது. அவர் கேரியிடம் அனுப்பி வைத்தார்.

ஐ.பி.எம். ஆட்கள் பசிபிக் குரோவ் வந்த அன்று காலை கேரி ஊரில் இல்லை. சொந்த விமானத்தை ஓட்டிக்கொண்டு ஒரு வாடிக்கையாளரைப் பார்க்கப் போயிருந்தார். கம்பெனிப் பேச்சு வார்த்தையை எப்போதும் கவனிப்பவர் டாரதி. ஐ.பி.எம். ஆட்கள், எதையும் வெளியே சொல்லக் கூடாது என்று ஒரு பத்திரத்தை நீட்டினார்கள். எல்லாம் அவர்களுக்கே சாதகமாக இருந்தது. டாரதி கையெழுத்துப் போடத் தயங்கினார். பிற்பகலில் கேரி திரும்பினார். அதற்குப் பிறகு நடந்தது பற்றி ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். உடன்பாடு ஏற்படவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

கேரி பொறுப்பில்லாமல் ஆகாயத்தில் பறந்து கொண்டிருந்தார், அதனால் அதிர்ஷ்டத்தை இழந்தார் என்று ஒரு கதை பரவியது. அது நியாயமான கதை அல்ல. அவர் போனது வியாபார வேலைக்கு.

ஐ.பி.எம். மறுபடி பில் கேட்சிடம் போயிற்று. சியாட்டிலில் இன்னொரு கம்பெனியிடம், சி.பி.எம்.மைப் பார்த்து அதைப் போலவே எழுதிய ஒரு புரோகிராம் இருந்தது. கேட்சின் மைக்ரோசாப்ட் அதை விலைக்கு வாங்கி ஐ.பி.எம்.முக்குக் கொடுத்தது. 1981 ஆகஸ்டு 12-ந் தேதி ஐ.பி.எம். கம்ப்யூட்டர் வெளிவந்தது. கேரி வழக்குப் போடுவதாக எச்சரித்தார். சமாதானமாக, அவர் சரக்கையும் விற்பதாக ஐ.பி.எம். ஒப்புக் கொண்டது. விற்கவும் செய்தது. மைக்ரோசாப்ட் சரக்கின் விலை 40 டாலர். கேரியின் சரக்குக்கு 240 டாலர். 240 கொடுத்து யார் வாங்குவார்?

ஆனால் ஐ.பி.எம். கம்ப்யூட்டரின் உள்ளே, எந்திரத்தை எழுப்பும் துண்டு தனியாக ஒரு சில்லில் இருந்தது. அதன் பெயர் பயாஸ்.

சில்லைத் திருத்தும்போது

அந்தச் சில்லில் எழுதியதை அழிக்க முடியாது. 1990-களில் அழித்து எழுதக் கூடிய சில்லுகள் பரவின. பிழையைத் திருத்த அது வசதி. ஆபத்தும் கூடவே வந்தது. 1999 ஏப்ரல் 26-ந் தேதி சி.ஐ.எச். என்ற வைரஸ் உலகம் முழுவதும் பல கம்ப்யூட்டர்களின் பயாசில் குப்பையை எழுதியது. அவை விழிக்கவே இல்லை.

இன்றைய லேப்டாப்பில் இருப்பது பயாசின் வாரிசு. யு.இ.எஃப்.ஐ. என்று பெயர். ஆனாலும் பயாஸ் என்றே சொல்கிறார்கள். புதுப்பிப்பது என்றால் பழைய நீர்பாய்ச்சியை அனுப்பி விட்டுப் புதியவரை அமர்த்துவது. பழையவர் போய்ப் புதியவர் வராத அந்தச் சில நிமிடத்தில் கரண்டு போனால் மடையைத் திறக்க ஆள் இல்லை.

ஆகையால் லேப்டாப் நன்றாக ஓடினால் சும்மா விடுவதே மேல். பாதுகாப்பு ஓட்டையை அடைத்திருப்பதாகக் கம்பெனியே அறிவித்தால் மாற்றலாம். லேப்டாப்பின் அடியில் மாடலின் முழுப் பெயர் இருக்கும். ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு மாடல். அந்த மாடலுக்குரிய கோப்பை, தயாரித்த கம்பெனியின் வலைத்தளத்தில்தான் எடுக்க வேண்டும்.

கோப்பைப் பென் டிரைவில் போட வேண்டும். அன்று கேரியின் பிளாப்பி செய்த வேலையை இன்று பென் டிரைவ் செய்கிறது. அதைப் பெரும்பாலும் ஃபேட்32 முறையில் பார்மட் செய்ய வேண்டும். அதில் உள்ள கல்யாணப் போட்டோ எல்லாம் அழிந்து போகும். முதலில் வேறு இடத்தில் எடுத்து வைப்பது நல்லது. விண்டோசில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதை நிறுத்தி வைத்து, 48 இலக்கச் சாவி எண்ணை எழுதிக் கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பயாஸ் மாறிய பிறகு டிஸ்க் திறக்க மறுத்து விடலாம்.

பிறகு பென் டிரைவைச் செருகி, லேப்டாப்பை அணைத்துப் போட வேண்டும். போட்டவுடன் எஃப்12 அல்லது எஸ்கேப் போன்ற ஒரு பொத்தானை அழுத்தினால், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். எந்தப் பொத்தான் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சில லேப்டாப்புகளில் பயாஸ் திரையே பென் டிரைவில் உள்ள கோப்பைப் படித்துக் கொள்ளும்.

சார்ஜர் செருகியிருக்க வேண்டும். பேட்டரியும் நிறைந்திருக்க வேண்டும். பேட்டரி கெட்டுப் போன லேப்டாப்பில் இந்த வேலையே கூடாது. மதுரையில் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் நிறுத்தும் நாள் முன்னதாகப் பத்திரிகையில் வரும். அதைப் பார்த்து விட்டு உட்காரலாம். வேலை நடக்கும்போது திரை இருட்டாகலாம். விசிறி இரையலாம். இரண்டு மூன்று முறை அணைந்து எரியலாம். பயந்து பொத்தானை அழுத்தியவர்கள்தாம் லேப்டாப்பைத் தூக்கிக் கொண்டு ரிப்பேர் கடைக்குப் போகிறார்கள். அங்கே எட்டுக்கால் சில்லைத் தேடிப் பிடித்து, வேறு கருவியால் எழுதித் திருப்ப வேண்டியிருக்கும்.

கடைசிக் காலம்

கேரி ஏழையாகி விடவில்லை. டெலிவிஷனில் கம்ப்யூட்டர் நிகழ்ச்சி நடத்தினார். கலைக்களஞ்சியத்தை ஒரே குறுந்தகட்டில் அடக்கும் வேலையில் முன்னோடியாக இருந்தார். டாரதியுடன் வாழ்க்கை முறிந்தது. 1991-ல் கம்பெனி நோவல் என்ற நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.

1992-ல் அவர் படித்த வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் துறையின் விழா நடந்தது. அங்கேயே டாக்டர் பட்டம் பெற்ற கேரி கூட்டத்தில் ஒருவராக அழைக்கப்பட்டார். முக்கியப் பேச்சாளர் பில் கேட்ஸ். கேட்ஸ் கல்லூரிப் படிப்பை முடிக்காதவர். இது கேரியின் மனத்தைச் சுட்டது. தம் தரப்பை எழுதத் தொடங்கினார். எழுதி முடித்த பிரதிகளைச் சில நண்பர்களுக்கு மட்டும் கொடுத்தார்.

1994 ஜூலை 8-ந் தேதி மாண்டரேயில் ஓர் உணவு விடுதியில் அவர் தலையில் அடிபட்டது. எப்படி அடிபட்டது என்பது இன்றளவும் தெளிவாகவில்லை. மூன்று நாள் கழித்து, 11-ந் தேதி காலமானார். அவருக்கு வயது 52.

2014-ம் ஆண்டு ஏப்ரலில், அவருடைய கம்பெனி இருந்த பசிபிக் குரோவ் கட்டிடத்தின் முன், மின் பொறியாளர் சங்கம் அவர் பெயருடன் ஒரு பலகை பதித்தது. 2016-ல் அவர் பிள்ளைகள் அந்தக் கையெழுத்துப் பிரதியின் முதல் பகுதியை உலகுக்கு வெளியிட்டார்கள். மீதியை வெளியிடவில்லை.