விண்மீன்களின் வெப்பம் உரைத்தவர்

இரவு வானைக் கூர்ந்து நோக்குவோர்க்கு விண்மீன்கள் யாவும் ஒரே நிறத்தன அல்ல என்பது புலப்படும். திருவாதிரை செந்நிறமாகவும் சித்திரை நீலம் கலந்த வெண்மையாகவும் ஒளிர்கின்றன. கதிரவனது மேற்பரப்பின் வெப்பநிலை ஏறத்தாழ 5,800 கெல்வின். திருவாதிரையினது சுமார் 3,500. சித்திரையினதோ 20,000-க்கும் மேல். எட்டாத் தொலைவிலுள்ள இவற்றின் வெப்பத்தை நிறமாலைக் கோடுகளின் வழியே அறியும் நெறியை வகுத்தவர் மேகநாத சாகா.

டாக்காவை அடுத்த சியோரதலி என்னும் சிற்றூரில் 1893 அக்டோபர் 6 அன்று சாகா பிறந்தார். தந்தை சிறு மளிகைக்கடை நடத்தியவர். மகனையும் கடையில் அமர்த்தவே எண்ணினார். நடுநிலைப்பள்ளி பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. அவ்வூர் மருத்துவர் அனந்தகுமார் தாஸ் தம் இல்லத்தில் உணவும் உறைவிடமும் அளித்தார். பசுவைப் பேணுவதும் உண்ட கலத்தைத் தாமே கழுவுவதும் அங்கே சிறுவரின் கடமைகளாயின.

1905-இல் உதவித்தொகையுடன் டாக்கா கல்லூரிப் பள்ளியில் சேர்ந்தார். வங்கப் பிரிவினையை எதிர்த்து மாணவர் கொதித்தெழுந்த காலம் அது. ஆளுநரின் வருகையைப் புறக்கணித்தமைக்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார், உதவித்தொகையும் போயிற்று. வேறொரு பள்ளி அவரை ஏற்றது. பின்னர்க் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் சத்தியேந்திரநாத் போசுடன் பயின்றார். அறிவில் முன்னின்ற அவருடன் அமர்ந்து உண்ண, விடுதி மாணவர் சிலர் சாதியைக் காட்டி மறுத்தனர் என்பது வருந்தத்தக்க செய்தி.

அக்காலத்தில் ஹார்வர்டு வானியலறிஞர்கள் விண்மீன்களை ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என நிறமாலையைக் கொண்டு வகைப்படுத்தியிருந்தனர். கதிரவன் ஜி வகையைச் சார்ந்தது. ஒரு விண்மீனில் வலிமையாகத் தோன்றும் கோடு மற்றொன்றில் மங்குவது ஏன்? சாகா 1920-இல் விடை கண்டார். வெப்பம் மிகும்போது அணு தன் எலக்ட்ரானை இழந்து அயனியாகிறது. அழுத்தம் குறைந்தால் அது மேலும் எளிதாகிறது. அயனியான அணு வேறு கோடுகளைத் தோற்றுவிக்கும். ஆகவே, ஒரு தனிமத்தின் கோடு காணப்படாமையால் அத்தனிமமே இல்லை என முடிவு செய்தல் பிழையாகும். குளிர்ந்த விண்மீன்களில் அயனியாகாத கால்சியத்தின் கோடுகளும், மிகு வெப்பமுடையவற்றில் அயனியான ஹீலியத்தின் கோடுகளும் விளங்குதல் இதனாலேயே.

கருவிகள் நிறைந்த ஆய்வகம் அவரிடம் இல்லை. தாளும் எழுதுகோலுமே துணை. எளிதில் அயனியாகும் ருபிடியம் கதிரவ நிறமாலையில் தென்படுவதில்லை; சற்றே குளிர்ந்த சூரியப் புள்ளிகளில் அது தென்படும் எனச் சாகா முன்னுரைத்தார். அமெரிக்க வானியலறிஞர் ஹென்றி நோரிஸ் ரசல் அதனை அங்கே கண்டறிந்தார். 1925-இல் சிசிலியா பெய்ன், சாகாவின் சமன்பாட்டைக் கொண்டே, விண்மீன்களில் ஹைட்ரஜன் பெருமளவில் இருப்பதைக் காட்டினார்.

1927-இல் இலண்டன் இராயல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. நோபல் பரிசுக்குப் பன்முறை பரிந்துரைக்கப்பட்டும் அது கிட்டவில்லை. அலகாபாத்திலும் கல்கத்தாவிலும் பேராசிரியராய் விளங்கிய சாகா, கல்கத்தாவில் அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தை அமைத்தார். ஆற்று வெள்ளம், நாட்காட்டிச் சீர்திருத்தம், தொழில் வளர்ச்சி ஆகியவற்றிலும் கருத்தூன்றினார். 1952-இல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1956 பிப்ரவரி 16 அன்று தில்லியில் திட்டக்குழு அலுவலகத்தை நோக்கிச் செல்லும் வழியில் மாரடைப்பால் காலமானார்.