வாடகை வீட்டில் கார்ல் மார்க்ஸ்

பெரியோரின் வாழ்க்கை வரலாற்றைப் படிக்கும்போது, அவர் எழுதிய நூல்களின் பட்டியலைப் பார்க்குமுன் அவர் குடியிருந்த வீடுகளின் பட்டியலைத் தேடுவது என் வழக்கம். நூல்கள் ஒருவரின் சிந்தனையைக் காட்டும். வீடுகளோ, அச்சிந்தனைக்காக அவரும் அவர் குடும்பத்தாரும் கொடுத்த விலையைக் காட்டும். கார்ல் மார்க்ஸைப் போற்றியும் தூற்றியும் எழுதப்பட்ட நூல்கள் மலைபோற் குவிந்துள்ளன. அவருடைய கோட்பாடுகளை ஆராய நான் இங்கு முற்படவில்லை. அந்நிய நகரமொன்றில் ஏறக்குறைய 34 ஆண்டுகள் வாடகைக்குக் குடியிருந்த ஒரு குடும்பத் தலைவராகவே அவரைக் காண விழைகின்றேன்.

ஜேர்மனியின் திரியர் நகரில் 1818ஆம் ஆண்டு மே 5ஆம் திகதி பிறந்த மார்க்ஸ், 1843இல் பிரபு குலத்துப் பெண்ணாகிய ஜென்னியை மணந்தார். அவ்வாண்டிலேயே இருவரும் பாரிஸ் சென்றனர். 1845இல் பிரெஞ்சு அரசு அவரை வெளியேற்றியது. பிரசெல்ஸ் நகரிற் குடியேற வேண்டுமாயின் நடப்பு அரசியலைப் பற்றி எழுதுவதில்லை என்று கையொப்பமிட வேண்டியிருந்தது. அங்கும் பிரஷ்ய அரசின் தொல்லை தொடரவே, அவ்வாண்டின் இறுதியில் தம் பிரஷ்யக் குடியுரிமையை அவர் துறந்தார். அதன் விளைவை 1849இல் அனுபவித்தார். கொலோன் நகரில் அவர் நடத்திய பத்திரிகையைப் பொறாத பிரஷ்ய அரசு, அவர் அந்நியர் என்ற காரணங்காட்டி நாடுகடத்தியது. பிறந்த மண்ணிலேயே பிறநாட்டாராகிவிட்டார் அவர்! மீண்டும் பாரிஸ், மீண்டும் வெளியேற்றம். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர் இலண்டனை அடைந்தார். மூன்று குழந்தைகளோடு, நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த ஜென்னி, செப்டெம்பரில் வந்து சேர்ந்தார்.

அக்கால இங்கிலாந்து அகதிகளைத் தடுக்கவில்லை. ஐரோப்பாவெங்கும் துரத்தப்பட்டோர் பலர் அங்கு சென்று ஒதுங்கினர். நாட்டின் கதவு திறந்திருந்தது உண்மையே. ஆனால், வீட்டின் கதவைத் திறக்க மாதந்தோறும் பணம் வேண்டியிருந்தது.

செல்சி பகுதியில் அண்டர்சன் வீதி 4ஆம் இலக்க வீட்டை மார்க்ஸ் வாடகைக்கு எடுத்தார். வாடகை மாதம் ஆறு பவுண். அவ்வாண்டு நவம்பர் 5ஆம் திகதி, நகரெங்கும் வெடி வெடித்துக் கொண்டாடும் நாளன்று, நான்காவது குழந்தை குயிடோ அவ்வீட்டிற் பிறந்தான். அடுத்த வசந்தத்தில் அவ்வீட்டில் நிகழ்ந்ததை, 1850 மே மாதத்தில் நண்பரொருவருக்கு எழுதிய கடிதத்தில் ஜென்னி விரிவாகக் கூறியுள்ளார். அக்கடிதத்தை நான் பலமுறை படித்திருக்கின்றேன்.

அவர்களுக்கு வீடு கொடுத்த பெண்மணி அவ்வீட்டின் உரிமையாளர் அல்லர். அவரே வேறொருவரிடம் வாடகைக்கு எடுத்து, இவர்களுக்குக் கொடுத்திருந்தார். அவர் தம் கடனைச் செலுத்தத் தவறியமையால், இனிமேல் வாடகையை உரிமையாளரிடமே நேராகச் செலுத்துவதென்று ஒப்பந்தமாகியிருந்தது. அதற்குள் 250 தாலருக்கு மேல் அப்பெண்மணிக்குக் கொடுத்தாயிற்று. ஒருநாள் அவர் திடீரென வந்து, ஒப்பந்தத்தையே மறுத்து, எஞ்சிய ஐந்து பவுணை உடனே தருமாறு கேட்டார். கையில் பணமில்லை. பொருள்களைப் பறிமுதல் செய்யும் சேவகர் இருவர் வந்தனர். படுக்கை, துணிமணி யாவும் அவர்கள் வசமாயின. கைக்குழந்தையின் தொட்டிலும் தப்பவில்லை. விளையாட்டுப் பொருள்களை இழந்த சிறுமியர் இருவரும் அழுதுகொண்டு நின்றனர். உதவி தேடி வண்டியில் விரைந்த நண்பர், குதிரைகள் மிரண்டோடக் கீழே குதித்து, இரத்தக் காயங்களோடு திருப்பிக் கொண்டுவரப்பட்டார்.

மறுநாள் குளிரும் மழையுமாயிருந்தது. மார்க்ஸ் வீடு வீடாகச் சென்று இடங் கேட்டார். நான்கு குழந்தைகள் என்றதும் எவரும் இணங்கவில்லை. கடைசியில் ஒரு நண்பர் கைகொடுத்தார். செய்தி பரவியதும் மருந்துக் கடைக்காரர், பாண்காரர், இறைச்சிக் கடைக்காரர், பால்காரர் ஆகியோர் தத்தம் கணக்குகளோடு வந்து சூழ்ந்தனர். அவர்கள் கடனைத் தீர்க்கப் படுக்கைகளை விற்க நேர்ந்தது. அவற்றைத் தள்ளுவண்டியில் ஏற்றும்போது பொழுது சாய்ந்துவிட்டது. சூரியன் மறைந்தபின் வீட்டுப் பொருள்களை அகற்றுவது அந்நாட்டுச் சட்டத்திற்கு முரண் என்பதை அவர்கள் எவ்வாறு அறிவர்? வீட்டுக்காரர் பொலிசாரோடு வந்தார். தம் பொருள்களும் அவற்றுட் கலந்திருக்கலாம், இவர்கள் வெளிநாட்டுக்கு ஓடப் பார்க்கின்றனர் என்று சந்தேகம் எழுப்பினார். ஐந்து நிமிடத்துக்குள் இருநூறு முந்நூறு பேர் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டனர். படுக்கைகள் மீண்டும் வீட்டுக்குள் சென்றன.

இங்கே சிறிது நின்று சிந்திக்க வேண்டும். வாடகை பெருமளவு செலுத்தப்பட்டிருந்தது, ஒப்பந்தமும் இருந்தது. இருந்தும் குடும்பம் தெருவுக்கு வந்தது. ஏன்? வீடு உண்மையில் எவருக்குச் சொந்தம், இடையில் நிற்பவர் தம் கடனைத் தீர்த்தவர்தாமா, எந்நேரத்திற் பொருள்களை அகற்றலாம் என்பன போன்ற சங்கதிகளை ஊரில் பிறந்தவன் கேட்காமலே அறிவான். அந்நியன் இழப்பின் மூலமே அறிகின்றான். மாணவனாக நான் இலண்டனில் அறை தேடி அலைந்த நாள்களில் ஒரு வீட்டுக்காரர் என்னிடம் கேட்டது, அந்நாட்டில் வீடுடைய ஒருவரின் பிணை. வந்து பத்து நாளான எனக்கு அங்கு யாரைத் தெரியும்? நம் பிள்ளைகள் பலர் இன்று அந்நகரத்தில் அதே கேள்விக்கு விடை தேடுகின்றனர்.

செல்சியை விட்ட குடும்பம் ஒரு ஜேர்மன் விடுதியில் தங்கி, பின்னர் சோகோ பகுதியின் டீன் வீதியை அடைந்தது. முதலில் 64ஆம் இலக்கம். அடுத்து 28ஆம் இலக்கத்தின் மேல்மாடியில் இரண்டு அறைகள். ஆண்டு வாடகை 22 பவுண். 1853இல் அங்கு வந்துபோன பிரஷ்ய ஒற்றன் ஒருவன், உடைந்த தளபாடங்களையும் தூசியையும் புகையிலைப் புகையையும் வருணித்ததோடு, தனக்குக் கிடைத்த அன்பான உபசாரத்தையும் மறைக்காமல் எழுதினான். அறைகளில் அமர்ந்தெழுத இடமின்மையால் மார்க்ஸ் பிரித்தானிய நூதனசாலையின் வாசிகசாலையைத் தம் எழுத்தறையாக்கிக்கொண்டார். மேலங்கி அடைவுக்குப் போன நாள்களில் அங்கும் போக முடியவில்லை. 1854இல் சோகோவை வாந்திபேதி சூறையாடியது.

குயிடோ 1850 நவம்பரில் இறந்தான். பிரான்சிஸ்கா என்னும் பெண் குழந்தை 1852இல் இறந்தபோது சவப்பெட்டி வாங்கப் பணமில்லை. அயலில் வாழ்ந்த பிரெஞ்சு அகதி ஒருவர் இரண்டு பவுண் தந்தார். எட்டு வயதான எட்கார் 1855 ஏப்ரலில் தந்தையின் கைகளில் உயிர் நீத்தான். அந்த வீட்டின் முன் நான் நின்றிருக்கின்றேன். கீழே உணவகம், மேலே 1967இல் பதித்த நினைவுப் பலகை. அதில் அவர் பெயரும் அவர் குடியிருந்த ஆண்டுகளுமே உள்ளன. அங்கிருந்து சென்ற குழந்தைகளின் பெயர்கள் இல்லை.

ஜென்னிக்குக் கிடைத்த மரபுச் சொத்தினால் 1856இல் கிராப்டன் டெரசில் தனி வீடொன்றை ஆண்டுக்கு 36 பவுண் வாடகைக்கு எடுத்தனர். 1864இல் அதனினும் பெரிய வீட்டுக்கு மாறினர். வாடகை 65 பவுண். மார்க்ஸின் தாயார் விட்டுச்சென்ற சொத்தும், மறைந்த நண்பர் வுல்பின் உயிற் பணமும் அதற்கு உதவின. 1867இல் வெளியான மூலதனம் நூலின் முதற்பாகம் அவ்வீட்டிலேயே நிறைவெய்தியது. அந்நூலில் இலண்டன் ஏழைகளின் நெருக்கடியான குடியிருப்புகளைப் பற்றி வரும் பகுதிகளுக்கு அவர் அரசாங்க வைத்திய அறிக்கைகளை ஆதாரமாகக் கொண்டார். எனினும், அவற்றைப் படிக்கும்போது டீன் வீதி அறைகள் என் கண்முன் வருவதை நான் தடுக்க முடிவதில்லை.

வாடகைக் கவலை அவரை விட்டு நீங்கியது 1869இல்தான். உற்ற நண்பர் எங்கெல்ஸ் அவ்வாண்டில் வருடத்துக்கு 350 பவுண் கிடைக்க வழிசெய்தார். 1874இல் மார்க்ஸ் பிரித்தானியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். தம் அரசனுக்கு விசுவாசமாக நடவாதவர் என்று பொலிஸ் அறிக்கை கூறியது; விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இருபத்தைந்து ஆண்டுகள் வாடகை செலுத்தியும் அவர் அந்நியரே. 1881 டிசெம்பரில் ஜென்னியும், 1883 மார்ச் 14ஆம் திகதி அவரும் மெய்ட்லண்ட் பார்க் வாடகை வீட்டில் மறைந்தனர்.

ஓர் அந்நியனுக்கு நாட்டின் சட்டம் எல்லையைக் கடக்க அனுமதி தரலாம். அவன் இரவில் உறங்குவதற்குக் கூரை வேண்டுமாயின் ஒரு மனிதர் முன்வர வேண்டும். செல்சியில் கடனடைத்த நண்பர், டீன் வீதியில் இரண்டு பவுண் தந்த அகதி, வாழ்நாளெல்லாம் தாங்கிய எங்கெல்ஸ் ஆகியோர் இல்லையேல் அப்பெருநூல் எழுதப்பட்டிராது. அவர்கள் எல்லோருக்கும் முன்னால், தொட்டிலும் பறிபோன வீட்டில் நின்று, கணவரின் கிறுக்கெழுத்துகளைப் படியெடுத்துக் கொடுத்த ஜென்னியை வைத்தே நான் எண்ணுகின்றேன்.